கொருக்குப்பேட்டை சிக்னல்

கூட்ஸ் கடந்து போகும்வரை
எங்கள் வண்டி இங்கேதான் நிற்கும்.
போனிலும் இந்த இடத்தில் ஒரு கோடுதான்.
ரெண்டு சிக்னலும் இல்லாத நேரம் பார்த்து
துரைக்கண்ணு சார் படம் அனுப்புவார்.
பாதி இறங்கி, மீதி சாம்பல் கட்டமாய் நிற்கும்.
கீழே ஒரு கேள்வி:
"ரூபி, இது என்ன?"

இது என்ன என்று சொல்வதுதான் என் உத்தியோகம்.
கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கத்துச் சந்து, ரெண்டாவது மாடி.
கப்பலில் வருவதற்கெல்லாம்
எட்டு இலக்கத்தில் பேர் வைக்க வேண்டும்.
கருவாடு, மூன்றாம் அத்தியாயம்.
தலைமுடி, கழுவினாலும் கழுவாவிட்டாலும் ஐந்து;
வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கமாய்
அடுக்கிக் கட்டினால் அறுபத்தேழு.
டேரிஃப் முழுசையும் போனில் இறக்கி வைத்திருக்கிறேன்,
நெட் செத்தாலும் திறக்கும்.
அதில் பிடிபடாததைக் கலைக்களஞ்சியத்தில் தேடி
அடிக்குறிப்புக்கும் கீழே இறங்கி
ஒரு கட்டிப் பிசினுக்காக
சூடான் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன்,
வண்ணாரப்பேட்டை வருவதற்குள்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.
மாடிக் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில்
விரல் வைத்து இழுத்தால் கோடு விழும்.
இருபத்தாறு இருபத்தொன்று, என்பேன்.
"சாம்பல்னு சொல்லித் தொலையேன்"
என்பாள் பவுலின் அக்கா.

போன மாசம் ஒரு ராத்திரி, ஒன்றேகால் மணி.
மூக்குக்குள் ஊசி ஏறி எழுந்தேன்.
கதவைத் திறந்தால் படிக்கட்டு நிறைய ஆட்கள்.
"உன் போன்ல பாரு ரூபி,
இன்னா வாடை இது?"

தமிழில் கேட்டேன்: கண் எரிச்சல்.
வெள்ளரிக்காய் வட்டமாய் நறுக்கி வைக்கச் சொன்னது.
அடுத்தது பன்னீர்.
அதற்கடுத்தது திருஷ்டி கழிக்க ஏழு வழி.
இங்கிலீஷில் கேட்டேன்:
பதினைந்து நிமிஷம், ஓடும் தண்ணீர், இமையை விரித்து.

ஓடும் தண்ணீர்.
லாரி வந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது.
மீரானுடைய பையனைப் படியில் சாய்த்து
குடம் குடமாய்ச் சரித்தோம்.
ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் ஸ்டாப் வாட்ச்.
ஆறாவது நிமிஷத்தில் நாலாவது குடம் தீர்ந்தது.
யாரோ பெப்சி பாட்டிலில் பிடித்து வைத்ததை நீட்டினார்கள்.

காற்றுக்குக் குறுக்கே நடந்து வெளியேறவும், என்றது பக்கம்.
காற்று எந்தப் பக்கம்?
கடலிலிருந்து, என்றது ஆப்,
நாற்பது நிமிஷத்துக்கு முந்தைய நிலவரம்.
கொடியில் யாரோ மறந்த நைட்டி
தெற்கே பார்த்துப் படபடத்தது.
நைட்டியை நம்பினோம்.
மேற்கே, ரயில்வே கேட் பக்கம்,
ஈரத் துண்டை மூக்கில் அழுத்தியபடி
பிள்ளைகளும் ரெண்டு ஆடும் நாங்களும்.

பேர் சொல்லியிருந்தால்
எட்டு இலக்கமும் சொல்லியிருப்பேன்.
பேரை யாரும் சொல்லவில்லை.
விடிந்ததும் எல்லாச் செய்தி ஆப்பிலும் தேடினேன்.
கிரிக்கெட்.

அதனால்தான் தினமும் இந்த ஏழு நிமிஷத்தில்
தெரு குரூப்புக்கு ஒன்று எழுதுகிறேன், தமிழில்.
அகராதி 'பக்கக்காற்று' என்று கொடுத்தது.
அழித்தேன்.
காத்து கூடவே ஓடாத, எதிர்லயும் போவாத,
குறுக்கால நட.
இப்படியே இருக்கட்டும்.

'வாடை'யையும் ஒருமுறை தேடிப் பார்த்தேன்.
ரெண்டு பொருள் போட்டிருந்தது.
ஒன்று, வடக்கிலிருந்து வரும் காற்று.
ரெண்டு, நாற்றம்.
எங்கள் தெருவில் ரெண்டும் ஒன்றுதான்
என்று எழுத அங்கே இடம் இல்லை.

அனுப்பினேன். கடிகாரக் குறி சுற்றிக்கொண்டே இருக்கிறது.
சார் அனுப்பிய படம் இன்னும் பாதிதான்.
ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ்,
ஒன்றன்பின் ஒன்றாய் டேங்க் வேகன்,
பதினெட்டு, பத்தொன்பது,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு எண்.
போனைத் தூக்கிப் பிடித்து
ஒன்றைப் படம் எடுத்துவிட்டேன்,
கொஞ்சம் ஆடிவிட்டது.
கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று
பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.